பனி சுமக்காத கல்

பீலிம் கரிட் தன் எழுபத்து மூன்று வருட வாழ்க்கையில் ஒரே ஒரு பொய் சொன்னான். அதுவும் எனக்காக. அதை மறைத்துவிட்டு அவனைப் பற்றி எழுதினால், குன்றின் மேல் அந்தப் பலகையை எழுதி வைத்தவர்களைப் போல நானும் ஆகிவிடுவேன். பலகையை எழுதியதும் நான்தான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாக்னரே குன்றின் தெற்கு அடிவாரத்தில் அவனுக்கு முப்பது ஏக்கர் நிலம். நிலம் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாதி கல். அறுபது செம்மறி ஆடுகள், ஒரு பெண்குதிரை, அது செத்த பிறகு ஒரு பழைய டிராக்டர், கடைசிவரை இரண்டாவது ஆள் குடியேறாத வீடு. சாந்து பூசாமல் கல்லின் மேல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவதில் அவனை மிஞ்ச ஸ்லைகோ வட்டாரத்தில் ஆள் கிடையாது. அளந்து பேசுவான் என்று சிலரைச் சொல்வார்கள். இவன் நிஜமாகவே அளந்து பேசுவான். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவர் டவுன் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, "நாலரை மைல். என் கேட்டுலேர்ந்து சொல்றேன். நீங்க நிக்கிற இடத்துலேர்ந்துன்னா முப்பது கெஜம் கூட" என்றானாம்.

சந்தையில் அவன் ஆடு விற்பதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள். வாங்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் இவனே ஆரம்பித்துவிடுவான்.

"இந்த ஆட்டுக்கு இடது காம்புல பால் வராது. அடுத்த வருஷம் பல்லும் போயிடும். முன்னாடியே சொல்லிட்டேன்."

"ஏம்ப்பா பீலிம், நீ விக்க வந்தியா, ஒப்பாரி வைக்க வந்தியா?" என்று பாட்ஸி ஸ்கான்லன் கேட்பான். பாட்ஸிதான் எங்கள் ஊரின் வாய். மதுக்கடை வைத்திருந்தான், கொஞ்சம் ஆடும் வைத்திருந்தான். கிண்டல் செய்த அதே பாட்ஸி ஆடு வாங்குவது பீலிமிடம்தான். பல்லைப் பிடித்துக்கூடப் பார்க்க மாட்டான். பீலிம் சொன்னால் சரி. அந்த ஒன்றைத் தவிர பீலிமிடம் வேறு சொத்து இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் நான் பறித்தேன்.

குன்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் கல் விவகாரம் விளங்காது. ஆயிரத்து எழுபது அடி உயரம்தான். ஆனால் மூன்று பக்கமும் கடலும் தாழ்ந்த நிலமுமாக இருப்பதால் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் விழும். முழுக்கச் சுண்ணாம்புக்கல். வெதுவெதுப்பான கடலின் அடியில் சிப்பியும் பவளமும் செத்துச் செத்துப் படிந்து இறுகிய கல் அது. எங்கள் ஊரில் வெதுவெதுப்பான கடல் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். மழை அந்தக் கல்லைத் தின்னும். அதனால் மேலே ஓடுகிற நீர் திடீரென்று காணாமல் போகும், எங்கோ குகைக்குள் இறங்கி ஓடும். உச்சி மேசை மாதிரி தட்டை. அதன் மேல் எங்கள் பழங்கதை ராணி மேவின் கற்குவியல், நாலு மாடி உயரத்துக்கு. உள்ளே அவளை நின்ற வாக்கிலேயே, எதிரியைப் பார்த்தபடி புதைத்திருக்கிறார்களாம். யாரும் தோண்டிப் பார்த்ததில்லை.

தெற்கே, வளைகுடாவைத் தாண்டினால் ஆக்ஸ் மலைத்தொடர். அந்தக் கல் வேறு சாதி. கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, ஈரத்தில் மினுங்கும், உளிக்கு அசையாது. புத்தகத்தில் நைஸ் பாறை என்று போட்டிருக்கும். பனி இந்த நாட்டையே மூடியிருந்த காலத்தில் அந்த மலையிலிருந்து கற்களைப் பிய்த்து இழுத்து வந்து எங்கள் வயல்களில் எல்லாம் போட்டுவிட்டுப் போனது. அந்தக் காலத்து ஜனங்கள் அவற்றைக் கொண்டு கல்லறை கட்டினார்கள். பீலிம் சுவர் கட்டினான்.

குன்றில் ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு போய் ராணியின் குவியலில் போட வேண்டும், நினைத்தது நடக்கும் என்று ஒரு வழக்கம் எங்களுக்கு. இப்போது கூடாது என்கிறார்கள். அப்போது எல்லோரும் செய்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு, மே மாதம். சர்ச் கூடத்தில் நடனம். எனக்கு இருபத்திரண்டு வயது, ஜார்லத் கிவ்லஹன் போட்ட மோதிரம் விரலில் இருந்தது, ஆகஸ்டில் கல்யாணம். ஜார்லத் பள்ளி ஆசிரியர், நல்ல குடும்பம். அன்று அவர் வரவில்லை. பீலிம் வந்து என்னோடு ஆடினான். என் காலை மிதிக்காமல் ஆடினான். ஆடி முடித்து, "நான் மேல போய் ஒரு கல் வச்சேன், அட்ராக்டா. நடக்கல" என்றான்.

என்ன வேண்டிக்கொண்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் வந்த திமிரில் சும்மா இருக்கவில்லை.

"எவ்ளோ பெரிய கல்லு?"

"என் கை அளவு."

"கையளவு கல்லுக்குக் கையளவுதான் பலிக்கும். ஒரு கிடா அளவு கல்லைக் கொண்டுபோய் வை. அப்புறம் பேசலாம்."

அவன் அளவு கேட்டான். "ஒரு வயசுக் கிடாவா, ரெண்டு வயசா?"

நான் சிரித்தேன். "ரெண்டு வயசு" என்றேன்.

வேறு எந்த ஊரிலும் ஒரு ஆண் இதை விளையாட்டு என்று விட்டிருப்பான். வழக்கம் என்று இருந்துவிட்டால் அதிலும் கணக்கு இருக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அதிலும் அவன் பீலிம். ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் வயலிலிருந்து படுத்திருக்கும் கிடா அளவில் ஒரு ஆக்ஸ் மலைக் கல்லை, நாங்கள் கல் இழுக்கிற சறுக்குப் பலகையில் ஏற்றிக் கட்டி, குதிரையைப் பூட்டிப் புறப்பட்டுவிட்டான். கொல்லைப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த நான் பார்த்துவிட்டேன். துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். தடுக்கத்தான் ஓடினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. எனக்காக ஒருவன் இதைச் செய்கிறான் என்பதைக் கிட்டத்தில் பார்க்க ஓடினேன்.

இரண்டு நாள் ஆனது. குதிரை பத்தடி இழுக்கும், நிற்கும். நிற்கும்போது பலகை பின்னால் சறுக்காமல் இருக்க நான் பின்னாலேயே வந்து சிறு கற்களை முட்டுக் கொடுத்தேன். செவ்வாய் சாயங்காலம் பாதி வழியில் விட்டுவிட்டு இறங்கினோம். புதன்கிழமை மதியம் உச்சிக்கு இருநூறு கெஜம் இருக்கும்போது பலகையின் அடியில் அடித்திருந்த இரும்புப் பட்டை ஒரு பாறை விளிம்பில் மாட்டிப் பிய்ந்தது. பலகை பிளந்தது. கல் உருண்டு, அந்தப் பட்டையின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பீலிம் கடப்பாரை போட்டுப் பார்த்தான். அசையவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசிக்காத வருடம் இல்லை. "ராணிக்கு இது வேணாமாம்" என்று சொல்லிச் சிரித்தேன். அது அவ்வளவு அசிங்கமான சிரிப்பு. பிறகு பயம் வந்துவிட்டது. "நான் இங்க வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத. ஜார்லத் காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான்."

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்" என்றான் பீலிம்.

சொன்ன வார்த்தை அவ்வளவுதான், அதற்கு ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சாகும்வரை காப்பாற்றினான்.

ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், நான் குன்றின் அடியில் ஒரு தேநீர்க் கடை போட்டேன். கல்லில் பாசி ஏறியது. ஏறுகிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள்.

தொண்ணூற்றெட்டில் கால்வேயிலிருந்து டெர்வ்லா என்ற நிலவியல் பெண் வந்தாள். சின்ன சுத்தியல், திசைகாட்டி, பெரிய பூட்ஸ். என் கடையில்தான் சாப்பிடுவாள். ஒருநாள் மேலேயிருந்து ஓடிவந்தாள். "மிஸஸ் கிவ்லஹன், மேல ஒரு கல்லு இருக்கு பாருங்க, அது இந்தக் குன்றோட கல்லே இல்ல! தெக்கேயிருந்து வந்தது. அவ்ளோ உயரத்துல அது இருக்குன்னா, பனி இந்தக் குன்று மேலயே ஏறிப் போயிருக்குன்னு அர்த்தம்!"

அப்போதே, "அது பனி இல்லம்மா" என்று சொல்லியிருந்தால் அவளும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். நான், "இன்னொரு துண்டு கேக் வைக்கட்டுமா?" என்றேன்.

அந்தக் கல்லால் எங்களுக்கு யோகம் அடித்தது. பத்திரிகையில் வந்தது. ஊரில் குழு அமைத்தார்கள், என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கார் நிறுத்த இடம், நடைபாதை, கல்லுக்குப் பக்கத்தில் பலகை. 'பதினைந்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி சுமந்து வந்த கல்' என்று என் கையால் எழுதினேன். கீழே, 'இந்தக் குன்றில் எந்தக் கல்லையும் நகர்த்தக் கூடாது' என்றும் எழுதினேன்.

தொண்ணூற்றொன்பது மார்ச்சில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் கூடத்தில் கூட்டம். எழுதிய பலகையை அங்கே சாய்த்து வைத்திருந்தோம். பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் கல்லைப் பார்க்கக் கூட்டிப்போவதாக முடிவானது. பின்வரிசையில் பீலிம் எழுந்தான்.

"பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுக்கக் கூடாது. அந்தக் கல்லை நான்தான் கொண்டுபோனேன். அறுபத்தேழு, ஜூன். செவ்வாயும் புதனும்."

கூடம் சிரிப்பில் வெடித்தது.

"அட நம்ம பனிப்பாறையே!" என்று பாட்ஸி கத்தினான். "பதினஞ்சாயிரம் வருஷமா? வயசு தெரியவே இல்லையே உனக்கு!"

பீலிம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். "பனியும் கொண்டுவந்துச்சு. என் வயல் வரைக்கும். அங்கேருந்து மேல வரைக்கும் நான்."

டெர்வ்லா நல்ல பெண், சிரிக்கவில்லை. "ஒண்ணு எனக்கும் உறுத்தலாத்தான் இருக்கு" என்றாள். "சுண்ணாம்புக்கல் மேல இந்த மாதிரி கல்லு ரொம்ப காலம் உக்காந்திருந்தா, அதுக்கு அடியில மழை படாது. சுத்தியிருக்கிறது கரைஞ்சு போயிடும், அடியில இருக்கிறது மட்டும் ஒரு முக்காலி மாதிரி தூக்கிட்டு நிக்கும். இதுக்கு அந்த முக்காலி இல்ல. முன்னாடி கரிமண் மூடி, மழை அரிக்காம இருந்திருக்கும்னு நினைச்சேன்."

"முக்காலி வளர நாள் வேணும்மா" என்றான் பீலிம். "அது முப்பத்திரண்டு வருஷமாத்தான் அங்க இருக்கு. தூக்கிப் பாருங்க. அடியில என் சறுக்குப் பலகையோட இரும்புப் பட்டை கிடக்கும்."

"யாராவது பார்த்தாங்களா? உங்ககூட யாராவது இருந்தாங்களா?"

அவனுக்குப் பொய் வராது. "ஒருத்தர் இருந்தாங்க."

"யாரு?"

"பேர் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாரு, ராணி மேவா?" என்றான் பாட்ஸி. பெஞ்சுகள் குலுங்கின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் ஜார்லத் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பீலிம் என் பக்கம் திரும்பவே இல்லை. தரையைப் பார்த்தபடி நின்றான். எனக்கு வழிவிட்டு நின்றான் என்பது எனக்கு மட்டும் புரிந்தது.

டெர்வ்லா என்னிடம் கேட்டாள். "மிஸஸ் கிவ்லஹன், நீங்க அடிவாரத்துலயே பொறந்து வளந்தவங்க. அப்படி ஏதாவது நடந்ததா?"

தேநீர்க் குவளை என் கையில் இருந்தது. ஜார்லத்தின் தோள் என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் இன்னொருவனோடு இரண்டு நாள் மலையேறியவள் என்று இந்தக் கூடம் சிரிக்கும். கடை, பலகை, நடைபாதை எல்லாம் போகும். இவ்வளவும் ஒரு மடக்குத் தேநீர் குடிக்கும் நேரத்தில் யோசித்து முடித்துவிட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சு அந்தக் கல்லு எப்பவும் அங்கதான் இருக்கு" என்றேன்.

பீலிம் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தொப்பியை ஒருமுறை சுற்றினான்.

"அப்ப நான்தான் தப்பா நினைச்சிருக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்தான்.

அதுதான் அவன் சொன்ன பொய். நான் பொய் சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, தான் தப்பு என்று ஊர் முன்னால் சொன்னான்.

அன்றிலிருந்து அவன் பெயர் பனிப்பாறை. "பனிப்பாறை வருது, வழிவிடுங்க." "பனிப்பாறை, டவுனுக்கு எவ்ளோ தூரம், பதினஞ்சாயிரம் வருஷமா?" அதைக்கூடத் தாங்கிக்கொண்டான். ஆனால் அந்த இலையுதிர்காலச் சந்தையில் அவன் வழக்கம்போல, "இந்த ஆடு ரெண்டு குட்டி போட்டது, ரெண்டும் பிழைச்சுது" என்று சொன்னபோது, பாட்ஸி குனிந்து ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். மடியை அழுத்திப் பார்த்தான். கிண்டலாகக்கூடச் செய்யவில்லை, சாதாரணமாகச் செய்தான். நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். பீலிமின் முகம் காது வரை சிவந்தது. அடுத்த சந்தையிலிருந்து அவன் வரவில்லை. தம்பி மகன் கோல்மன்தான் ஆடுகளை ஓட்டி வந்தான்.

ஜார்லத் இரண்டாயிரத்து ஐந்தில் இறந்தார். இனி மறைக்க யாரும் இல்லை. ஒரு மாதம் கழித்து பீலிம் வீட்டுக்குப் போனேன், எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று. அவன் கெட்டிலை வைத்தான். ஒரே நாற்காலி, அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவன் விறகுப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். நான் மழையைப் பற்றிப் பேசினேன். கம்பளி விலையைப் பற்றிப் பேசினேன். முக்கால் மணி நேரம் பேசினேன்.

கிளம்பும்போது, "வேற ஏதாவது சொல்லணுமா, அட்ராக்டா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"சரி" என்று கேட்டைத் திறந்துவிட்டான்.

அதற்கப்புறம் ஒன்பது வருடம் அவன் உயிரோடு இருந்தான். என் வீட்டிலிருந்து அவன் வீடு அறுநூறு கெஜம். ஒருநாள்கூட நான் மறுபடி போகவில்லை. இதற்கு என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை.

போன பிப்ரவரியில் நிமோனியா வந்து போய்விட்டான். கோல்மன் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தேநீர், பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, கொஞ்சம் விஸ்கி. போனவரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பதுதானே எங்கள் மரியாதை. நாலரை மைல் கதை வந்தது, ஒப்பாரி ஆடு கதை வந்தது. பிறகு பாட்ஸி குவளையைத் தூக்கினான். "நம்ம பனிப்பாறைக்கு! மேல போய் அங்கயும் ஏதாவது கல்லை நகர்த்திட்டு, நான்தான்னு சொல்லப்போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன்.

"அவன்தான் கொண்டுபோனான்" என்றேன். "நான் கூட இருந்தேன். பின்னாலேயே போய் முட்டுக் கொடுத்தது நான். அந்தக் கூட்டத்துல பொய் சொன்னது நான்."

கடைசியில் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது பாட்ஸி எழுந்து வந்து என் தோளைத் தட்டினான். அவன் கண்ணில் நீர் இருந்தது.

"நல்ல மனசு உனக்கு, அட்ராக்டா. செத்தவனுக்காக இப்படிப் பேசுறியே."

"நான் நிஜமாத்தான் சொல்றேன், பாட்ஸி!"

"பெரியப்பா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றான் கோல்மன். என் கையில் ஒரு ரொட்டித் துண்டை வைத்தான்.

"கல்லைத் தூக்கிப் பாருங்கடா! அடியில இரும்புப் பட்டை இருக்கு!"

"எந்தக் கல்லையும் நகர்த்தக் கூடாதுன்னு பலகையில எழுதினதே நீதானே?" என்றான் பாட்ஸி. அவ்வளவுதான், கூடமே சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நான் சொன்ன பொய்யை நம்ப அவர்களுக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

அடுத்த நாள் நடுப்பகலில் மேலே போனேன். அறுபத்தொன்பது வயதில் மூன்று மணி நேரம் ஆனது. பலகைக்குப் பக்கத்தில் வயிற்றின் மேல் படுத்து, கல்லுக்கும் பாறைக்கும் நடுவில் விரலை விட்டேன். முக்காலி இல்லை. விரல் நுனியில் சில்லென்று இரும்பு தட்டியது. வெளியே எடுத்தபோது நகத்தில் துரு இருந்தது. மேலே ஏறிவந்த இரண்டு பேர், "என்னம்மா, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டார்கள்.

டெர்வ்லாவுக்கு எழுதினேன். கல்லைத் தூக்க அனுமதி கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன் என்று பதில் போட்டாள். நம்புவதாகவோ நம்பாததாகவோ எழுதவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் பனி சுமந்த கல்லுக்கு எது வழி என்று கேட்கிறார்கள். "பனி என் ஊர்க்காரன் வயல் வரைக்கும்தான் கொண்டுவந்துச்சு. அங்கேருந்து பீலிம் கரிட்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கிழவிக்குக் குறும்பு என்று சிரித்துவிட்டுத் தேநீர் வாங்கிப் போகிறார்கள். ஊரில் எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். பாட்ஸி வைத்தது. தெருவில் போனால், "என்ன ராணி மேவ், இன்னிக்கு எந்தக் கல்லு?" என்கிறார்கள்.

கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.